கேட்டதைச் செய்வதா, தெரிந்ததைச் சொல்வதா?



கம்ப்யூட்டருக்கும் நம் காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், பிள்ளையார்பாளையம் பக்கம் அழைத்துப் போய் ஏதாவது ஒரு தறிக்கு மேலே அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். நூலில் கோத்த அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி பாவைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒன்று, பூஜ்யம். முதல் செமஸ்டரில் நாம் மனப்பாடம் செய்த பைனரி இதுதான்! 1804-ல் பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தம்முடைய கணக்கு எந்திரத்துக்கு அட்டை வழியாகக் கட்டளை கொடுக்கத் திட்டம் போட்டார். 1890-ல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஓட்டை போட்ட அட்டையில்தான் எண்ணி முடிக்கப்பட்டது.

நான் எழுத வந்தது அட்டையின் வரலாறு அல்ல. அட்டை குத்துகிறவரின் ஒரு பழக்கத்தைப் பற்றி. கடைக்காரர் ஒரு காகிதத்தில் அன்னப்பட்சி வரைந்து கொண்டு வருகிறார் என்று வையுங்கள். அட்டை குத்துகிறவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் என்ன சொல்வார் தெரியுமா? "ஐயா, இது 240 கொக்கிப் பெட்டியில இந்த அளவுக்கு வராது. கழுத்து வளைவு படிக்கட்டு மாதிரி தெரியும். ஒண்ணு பெட்டியை மாத்தணும், இல்ல பட்சியைச் சின்னதாக்கணும்." காசு வாங்கிக்கொண்டு கேட்டபடியே குத்திக் கொடுத்துவிடலாம். தறியில் ஏறி முழம் கணக்கில் நெய்த பிறகு கெட்டால் அது நெசவாளி தலையில்தானே விடியும்! அப்படிச் செய்ய மாட்டார். அவருக்குத் தெரிந்தது கடைக்காரருக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுவார்.

நாளைக்கு நாம் எழுதப் போகும் புரோகிராமுக்கும் இதே வேலை உண்டு என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இன்னும் சொல்லப் போனால் நமக்குக் கூடுதலாகவே உண்டு. சாயம் ஓடும் புடவையை ஒரு தடவை தண்ணீரில் நனைத்தால் தெரிந்துவிடும். சாஃப்ட்வேரில் சாயம் ஓடுவது மூன்று வருஷம் கழித்து, ஆடிட்டர் வந்து உட்காரும் நாளில் தெரியும். அதற்குள் அதை எழுதியவன் வேறு ஊரில் இருப்பான்.

கேட்கிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் இல்லை

ஆபத்தான வேலையைக் கேட்கிற வாடிக்கையாளர் என்றதும் சினிமா வில்லனை நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் செலவைக் குறைக்க நினைக்கிற நல்ல மனிதர்தான். "தம்பி, கடையில எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு போதும், ஆளுக்கு ஒண்ணு வெச்சா மறந்துடுவாங்க." "தினமும் எதுக்குப்பா பிரிண்ட் எடுக்கணும், பேப்பர்தான் வேஸ்ட்." "நெசவாளர் கூலிப் பட்டியலை ஆதார் நம்பர், பேங்க் நம்பரோட இன்டர்நெட்டில போட்டுடு, அவங்கவங்க பார்த்துக்கட்டும்." இந்த மூன்றும் நல்ல எண்ணத்தில் வருபவை. மூன்றுமே ஆபத்து.

கூலிப் பட்டியல் விஷயத்துக்கு ஏற்கெனவே ஒரு பாடம் இருக்கிறது. 2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் மாநில சமூகப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியக்காரர்களின் ஆதார் எண்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியாகிவிட்டன. காரணம் புரோகிராமில் ஏற்பட்ட பிழை என்று செய்தி வந்தது. அங்கே பிழையால் நடந்ததை இங்கே நாம் கேட்டு வாங்கிச் செய்யலாமா?

பேப்பர் வேஸ்ட் என்பதற்கும் பதில் நம் தமிழ்நாட்டிலேயே கிடைக்கும். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்த திருடர்கள், ஏறக்குறைய 20 லட்சம் டாலரை மூன்று தவணையாக வெளிநாட்டு வங்கிகளுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்னால் அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். பணம் போனதற்கான ஒப்புகை அச்சாகும் பிரிண்டரை முடக்கினார்கள்! மறுநாள் காலை கணக்கைச் சரிபார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நமக்கு வேஸ்ட்டாகத் தெரிகிற பேப்பர் திருடனுக்குக் காவல்காரனாகத் தெரிந்திருக்கிறது.

இந்த வகைக் கோரிக்கைகளில் நம் வேலை சுலபம். விளக்கிச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேட்டுக்கொள்வார்கள். கஷ்டமானது அடுத்த வகை.

எஃப் 9 சாவி

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடை. பெயர் வேண்டாம். ஆறாவது செமஸ்டர் புராஜெக்டுக்காக நானும் என் நண்பனும் அங்கே பில் போடும் சாஃப்ட்வேர் செய்து தருவதாகப் பேசியிருந்தோம். எட்டாயிரம் ரூபாய். அத்துடன், கல்லூரியில் கொடுக்கக் கடையின் லெட்டர்பேடில் ஒரு சான்றிதழ். நண்பனுக்கு அந்தப் பணத்தில் பரீட்சை ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை போனபோது முதலாளி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. ஒரே ஒரு சின்ன வசதி வேணும். ராத்திரி கடை மூடறப்ப எஃப் 9 அமுக்கினா, நான் டிக் பண்ணின பில்லு மட்டும் போயிடணும். மீதி பில்லுக்கு நம்பர் வரிசையா தானா மாறிக்கணும். அழிச்ச தடமே இருக்கக் கூடாது."

நான், "ஐயா, கஸ்டமர் கையில பழைய நம்பர் பில்லு இருக்குமே? நாளைக்குப் புடவையை மாத்த வந்தா, நம்ம கம்ப்யூட்டர்ல அதே நம்பர்ல வேற யாரோ பேரு இருக்கும்" என்றேன். சற்று யோசித்தார். "அது நான் பார்த்துக்கறேன்." "ஆபீசருங்க வந்து கேட்டா, புரோகிராம் எழுதினவன் யாருன்னும் கேப்பாங்க, ஐயா." இதற்குச் சிரித்தார். "நீ எழுதலேன்னா வேற ஆளு எழுதித் தருவான்பா." அது உண்மைதான். வேறு ஆள்தான் எழுதிக் கொடுத்தார். கடையும் நன்றாகவே நடக்கிறது. நாங்கள் கடைசி நேரத்தில் ஒரு மளிகைக் கடைக்கு ஸ்டாக் புரோகிராம் செய்து புராஜெக்டை முடித்தோம், சம்பளமில்லாமல். நண்பனின் ஃபீஸுக்கு அவன் அக்காதான் பணம் கொடுத்தார்.

ஆகவே, நல்லது சொன்னால் உடனே நல்லது நடக்கும் என்று உங்களை ஏமாற்ற நான் தயாராக இல்லை. ஆனாலும் அந்த எஃப் 9 சாவி சின்ன விஷயமா என்று தெரிந்துகொள்ள அதன் பெரியண்ணனைப் பார்க்க வேண்டும்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ்

2009 ஜனவரி 7. ஐதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, தம் இயக்குநர் குழுவுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். கம்பெனிக் கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்பதை அதில் ஒப்புக்கொண்டிருந்தார். நாடே அதிர்ந்தது. எல்லோரும் பேசியது பணத்தைப் பற்றி. கம்ப்யூட்டர் மாணவர்களான நாம் கவனிக்க வேண்டியது, அந்தப் பொய் எந்த வழியாக உள்ளே போனது என்பதை.

சத்யத்தில் பில் போடுவதற்குத் தனி சாஃப்ட்வேர் இருந்தது. ஒரு வேலை எடுக்கப்பட்டு, அதற்கு ஆட்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்ற கணக்கு ஏறி, அதிலிருந்து பில் பிறக்க வேண்டும். நேரான பாதை. இந்தப் பாதையில் வராமல் நேராகப் பில்லை நுழைக்கும் 'சூப்பர் யூசர்' என்ற வாசல் ஒன்று இருந்ததாக சி.பி.ஐ. கண்டுபிடித்தது. அந்த வாசல் வழியாக வந்த பில்லை மறைத்து வைக்கவும் முடியும். கணக்குப் பிரிவுக்கு அது விற்பனையாகத் தெரியும். அந்த வேலையைச் செய்ததாகச் சொல்லப்பட்ட பிரிவின் மேலாளருக்குத் திரையில் தெரியாது. அவர் பார்த்திருந்தால், 'நம்ம டிபார்ட்மென்ட்ல இப்படி ஒரு வேலையே நடக்கலையே' என்று அன்றைக்கே கேட்டிருப்பாரே! இப்படி நுழைந்த போலிப் பில்கள் 7,561. மதிப்பு 5,117 கோடி ரூபாய்.

2015 ஏப்ரல் 9-ல் ஐதராபாத் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட பத்துப் பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ராஜுவுக்கு ஏழு ஆண்டுச் சிறை. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அது சட்டத்தின் பாதை, நம் விஷயம் அது இல்லை.

எங்கள் பட்டுக் கடைக்காரர் இருக்கிற பில்லை மறைக்கச் சொன்னார். சத்யத்தில் இல்லாத பில்லைக் காட்டினார்கள், பார்க்க வேண்டியவர் கண்ணிலிருந்து மறைத்தார்கள். புரோகிராமாகப் பார்த்தால் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. ஒரு டேபிளில் ஒரு புலம், அதில் ஒரே ஓர் எழுத்து, 'தெரி' அல்லது 'மறை'. எழுத பத்து நிமிஷம் ஆகாது. யாரோ ஒருவர் அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவு செய்திருக்கிறார். அப்போது அவர் தம் மேலதிகாரியிடம், "சார், மேலாளர் பார்க்கக் கூடாத பில் எதுக்கு சார்?" என்று ஒரு கேள்வி கேட்டாரா? இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் தெரியாத புரோகிராமர் ஞாபகம்தான் வரும்.

கேட்டவர்கள் என்ன ஆனார்கள்?

கேட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டவர்கள் கதையும் உண்டு. அமெரிக்காவில் பெர்னார்ட் மேடாஃப் என்பவர், புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுத்துப் பல ஆண்டுகள் ஏமாற்றி, 2008 டிசம்பரில் கைதானார். நடக்காத வியாபாரத்துக்கு நடந்தது போல ரிப்போர்ட் அச்சடித்துக் கொடுத்தவர்கள் ஜெரோம் ஓ'ஹாரா, ஜார்ஜ் பெரஸ் என்ற இரண்டு புரோகிராமர்கள். 2006-ல் அவர்கள் பயந்துபோய் மேடாஃபிடமே சென்று, இனிமேல் பொய் ரிப்போர்ட் செய்ய மாட்டோம் என்று சொன்னார்கள். பாராட்ட வேண்டியதுதான். அதற்குப் பிறகு? சம்பள உயர்வும் போனஸும் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. 2014-ல் ஆளுக்கு இரண்டரை ஆண்டுச் சிறை. "நான் சொன்னதைத்தான் செய்தேன்" என்பது கோர்ட்டில் எடுபடவில்லை.

எழுத்தில் எச்சரித்தவர்கள் தப்பினார்களா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புகைச் சோதனையின்போது மட்டும் ஒழுங்காக ஓடும்படி டீசல் கார்களில் சாஃப்ட்வேர் வைத்ததற்காக ஃபோக்ஸ்வேகன் கம்பெனி 2015 செப்டம்பரில் மாட்டிக்கொண்டது. உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் கார்கள். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கருவியைக் கொடுத்தது பாஷ் கம்பெனி. இப்படிப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று பாஷ் 2007-லேயே கடிதம் எழுதி எச்சரித்ததாக ஜெர்மன் பத்திரிகையில் செய்தி வந்தது. ஆனால் 2019-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அரசு வழக்கறிஞர்கள் பாஷுக்கே 9 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். மேற்பார்வைக் கடமையில் தவறினீர்கள் என்பது காரணம். கடிதம் எழுதி ஃபைலில் வைத்துக்கொண்டு சரக்கையும் தொடர்ந்து அனுப்பினால் கடிதம் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது வாடிக்கையாளரிடம் பேசும்போது ரொம்பவும் உதவும். 'எனக்கு மனசு ஒப்பலை' என்றால் கடைக்காரர் காதில் ஏறாது. 'ரூல் 56 இப்படிச் சொல்லுது' என்றால் ஆடிட்டருக்குப் போன் போடுவார்.

மத்திய ஜி.எஸ்.டி. விதிகள் 2017-ல் 56-வது விதி, 8-வது உட்பிரிவு: கணக்குப் புத்தகத்தில் எழுதியதை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தால், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் தடம் வைத்திருக்க வேண்டும். எஃப் 9 சாவி இதற்கு நேர் எதிர்! வரி ஏய்ப்பு போன்ற குற்றங்களுக்கு உடந்தையாக இருப்பவருக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 122-வது பிரிவின்படி 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எட்டாயிரம் ரூபாய் வேலைக்கு இருபத்தைந்தாயிரம் என்பது கட்டுப்படியாகுமா? பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு இன்னும் கடுமை. 2023 ஏப்ரல் 1 முதல் அவர்கள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியோடு தடம் பதிய வேண்டும், அந்த வசதியை யாரும் நிறுத்த முடியாதபடியும் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் பட்டு 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்றது. "லேபிள் அடிக்கிற புரோகிராம்தானே தம்பி, எல்லாப் புடவைக்கும் காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டுன்னே வரட்டும்" என்று யாராவது கேட்டால், உள்ளே விசைத்தறிச் சரக்கும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. கோர்வை போட்டு, கரை வேறு உடல் வேறாக நெய்து முடிக்க ஒரு குடும்பமே நாள் கணக்கில் உட்காருகிறது. அந்தக் கூலியை ஒரு பிரிண்டரால் பறிப்பதற்கு நாமா கிடைத்தோம்?

எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் சொசைட்டி இரண்டும் சேர்ந்து 1999-ல் சாஃப்ட்வேர் பொறியாளர்களுக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டன. ஒரு வேலை தோற்கும், செலவு மிஞ்சும், அறிவுசார் சொத்துச் சட்டத்தை மீறும், வேறு விதமாகச் சிக்கலாகும் என்று தெரிந்தால் ஆதாரத்தோடு எழுதி வாடிக்கையாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பொதுமக்கள் நலனை எட்டுக் கொள்கைகளில் முதலாவதாக வைத்திருக்கிறார்கள், வாடிக்கையாளர் அதற்கு அடுத்துதான்.

நடைமுறைக்கு வருவோம். முதலில், கேட்டதை மறுக்காதீர்கள், எதற்காகக் கேட்கிறார் என்று கேளுங்கள். பில்லை அழிக்கச் சொல்கிற பாதிப் பேருக்கு உண்மையான தேவை வேறு. பையன் தப்பாகப் பில் போட்டுவிட்டான், கஸ்டமர் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். அதற்கு 'ரத்து' என்று குறிக்கும் வசதியும் கிரெடிட் நோட்டும் போதும். பில் நம்பரும் நிற்கும், தடமும் இருக்கும், வரிக் கணக்கும் சரியாகும். மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அறிவுரை மாதிரி இருக்காது, தொழில் மாதிரி இருக்கும்.

நஷ்டத்தை அவர் மொழியில் சொல்லுங்கள். 'டேட்டா இன்டெக்ரிட்டி போயிடும்' என்று சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. 'இன்னைக்கு நீங்க அமுக்குற அதே சாவியை, நீங்க திருப்பதி போயிருக்கிறப்ப உங்க கல்லாக்காரர் அமுக்கினா என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள். தடம் தெரியாத சாவி முதலாளிக்கு மட்டும் வேலை செய்யும் என்று எந்தப் புரோகிராமும் உத்தரவாதம் தர முடியாது. அன்றைக்கு இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருந்தால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்திருப்பாரோ என்னவோ.

அவருக்கு மட்டும் நஷ்டம் வரும் விஷயமாக இருந்தால், உதாரணமாக பேக்கப் வேண்டாம் என்கிறார், சொல்லிப் பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் முடிவுக்கு விட்டுவிடலாம். கடை அவருடையது. மூன்றாவது ஆளுக்கு நஷ்டம் வரும் என்றால், அதாவது நெசவாளி, கஸ்டமர், அரசாங்கம், எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்துகொடுப்பது கூடாது. செய்யாமல் இருக்க வேண்டும்.

எழுதிக் கொடுப்பது என்றதும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். நாங்கள் இப்போது பயன்படுத்தும் மாதிரி இதோ:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நேற்று நேரில் பேசியபோது, தங்கள் கடையில் எல்லாப் பணியாளர்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கும்படி கூறினீர்கள். அப்படி வைத்தால் தவறான பில் போட்டவர் யார் என்று பின்னால் கண்டுபிடிக்க இயலாது. வேலையை விட்டு நின்றவரும் உள்ளே நுழைய முடியும். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்து, மறந்தால் தாங்களே மாற்றிக் கொடுக்கும் வசதியைக் கூடுதல் கட்டணமின்றிச் செய்து தருகிறோம். எது வேண்டும் என்பதை வரும் சனிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் படித்ததற்கான இரண்டு நீலக் கோடுகள் விழுந்ததும், அந்தப் பக்கத்தை மறக்காமல் பிரிண்ட் எடுத்து புராஜெக்ட் ஃபைலில் வையுங்கள்.